கசந்த சுரையும் எழுதாமல் விட்ட குறிப்பும்: வேலூரில் வீட்டுத் தோட்ட விதைப் பகிர்வு பற்றிய நிகழ்வு ஆய்வு

புரட்டாசி மாதத்தின் முதல் வாரத்தில், காட்பாடியில் குடியிருக்கும் ஓர் இளம் தம்பதியர் தங்கள் வீட்டுப் பந்தலில் காய்த்த முதல் சுரைக்காயைக் கடலைப்பருப்பு சேர்த்துக் கூட்டாகச் சமைத்தார்கள். முதல் கவளத்திலேயே கசப்புத் தெரிந்ததால் இருவரும் இலையில் ஒதுக்கிவிட்டார்கள். ஆனால், கையால் விதைத்து வளர்த்த காயைக் குப்பையில் கொட்டுவதா என்று மனம் பொறுக்காத மாமியார், தயிர் விட்டுப் பிசைந்து பாதிக் கிண்ணத்தை உண்டுவிட்டார். ஒரு மணி நேரம் கூடக் கடக்கவில்லை, வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கின. இரவோடு இரவாக மருத்துவமனையில் சேர்த்துக் குளுக்கோஸ் ஏற்றிய பிறகு, மறுநாள் மாலையில்தான் அவர் வீடு திரும்பினார்.

அந்தச் சுரை விதை எங்கள் விதைப் பகிர்வு வட்டத்திலிருந்து சென்றது. அதைக் காகித உறையில் போட்டுக் கொடுத்ததும், நோட்டில் பதிவு செய்ததும் நான். இரண்டு ஆண்டுகளாக நல்லெண்ணத்துடன் நடந்துகொண்டிருந்த ஒரு வேலையில் இப்படி ஒரு தீங்கு எந்த வழியாக நுழைந்தது, அதைத் தேடிச் சென்றபோது வேறு எவையெல்லாம் தெரியவந்தன, அதன்பின் வட்டத்தின் நடைமுறை எப்படி மாறியது என்பவற்றை முழுமையாகப் பதிவு செய்வதே இந்த ஆய்வின் நோக்கம். வேறு ஊர்களில் இதே வேலையைத் தொடங்கியிருப்பவர்கள் எங்கள் செலவில் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

வட்டம் உருவான விதம்

சத்துவாச்சாரி, காட்பாடி, பாகாயம், அரியூர் பகுதிகளில் மாடியிலும் வீட்டுக்குப் பின்னாலுள்ள சிறு கொல்லையிலும் காய்கறி வளர்க்கும் சுமார் நாற்பது வீடுகள் இந்த வட்டத்தில் உள்ளன. இவற்றில் பெரும்பாலானவை முப்பதுக்கு நாற்பது அடி மனையில் கட்டிய, பக்கத்து வீட்டோடு சுவரைப் பகிர்ந்துகொள்ளும் வீடுகள். உறுப்பினர்களில் பாதிப் பேர் அணைக்கட்டு, ஒடுகத்தூர், குடியாத்தம், லத்தேரி பக்கத்துக் கிராமங்களிலிருந்து வேலைக்காகவோ பிள்ளைகளின் படிப்புக்காகவோ நகரத்துக்கு வந்தவர்கள். அவர்கள் ஊரிலிருந்து வரும்போது கூடவே கொண்டுவந்த விதைகளே எங்கள் அலமாரியின் முதல் சொத்து. ஓர் அவரை விதை ஒரு தாய்வீட்டுச் சேலை முடிச்சிலும், ஒரு காராமணி ரகம் பழைய மருந்துப் புட்டியிலும் வந்து சேர்ந்தன. மிளகாய் விதைகள் சிலவற்றைச் செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தைக்குச் சென்ற ஒருவர், அங்கே கடை விரித்திருந்த ஒரு மூதாட்டியிடமிருந்து கேட்டு வாங்கி வந்தார்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையில் கூடுவோம். கேட்டவருக்குப் பத்து அல்லது இருபது விதைகள் எண்ணித் தரப்படும். வாங்கியவர் அறுவடைக்குப் பின் வாங்கியதைப்போல் இரண்டு மடங்கைத் திருப்பித் தர வேண்டும் என்பது ஒரே நிபந்தனை. இந்த நிபந்தனையை நாங்கள் நெல்லிலிருந்து எடுத்துக்கொண்டோம். திருவாரூர் மாவட்டத்தில் நெல் ஜெயராமன் நடத்திவந்த நெல் திருவிழாவில், பாரம்பரிய ரகத்தில் 2 கிலோ விதைநெல் வாங்கிச் செல்லும் உழவர் மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தருவார். அந்த எளிய விதி எத்தனையோ ரகங்களை மீண்டும் வயல்களுக்குக் கொண்டுசேர்த்தது. நெல்லுக்குப் பொருந்தியது காய்கறிக்கும் பொருந்தும் என்று நாங்கள் எண்ணியதுதான் முதல் பிழை. நெற்பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும். பூ திறப்பதற்கு முன்போ திறக்கும் வேளையிலோ அந்தக் காரியம் முடிந்துவிடும். அடுத்த வயலில் வேறு நெல் இருந்தாலும், சிறிய இடைவெளி விட்டுக் கலப்புக் கதிர்களைக் களைந்துவிட்டால் விதை பெருமளவு தூய்மையாகவே கிடைக்கும். சுரைக்கு அந்த நிலை இல்லை. ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாகப் பூக்கும் கொடியில், மகரந்தம் எங்கிருந்து வர வேண்டும் என்பதை இரவில் பறக்கும் அந்துப்பூச்சியும் பகலில் வரும் தேனீயும் தீர்மானிக்கின்றன.

கசப்பின் தடம்

மருத்துவமனையிலிருந்து செய்தி வந்த அன்றிரவே எல்லா உறுப்பினர்களுக்கும் தொலைபேசியில் தகவல் சொன்னோம்: வட்டத்தின் சுரை விதையை விதைத்தவர்கள் யாரும் காயைச் சமைக்க வேண்டாம். யார் யாருக்குச் சென்றது என்று நோட்டைப் புரட்டியபோது அதன் வறுமை எனக்கு உறைத்தது. ‘சுரை, 20 விதை’ என்றும் வாங்கியவர் பெயரும் தேதியும் மட்டுமே அதில் இருந்தன. விதையைக் கொடுத்தவர் யார், எந்தக் கொடியின் காய், அந்தக் கொடிக்கு அருகில் என்ன வளர்ந்தது என்ற எதுவும் இல்லை. ஒவ்வொரு வீடாகப் பேசி, நினைவுகளை ஒட்டவைத்து, அந்த உறைகளின் வழியைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆயிற்று.

விதையைத் தந்தவர் சத்துவாச்சாரியில் மகன் வீட்டில் இருக்கும், அணைக்கட்டுப் பக்கத்தைச் சேர்ந்த ஒரு வயதான அம்மா. வட்டத்தில் அவரைவிடக் கைராசி உள்ளவர் இல்லை. செய்தியைக் கேட்டதும் அவர் நிலைகுலைந்துபோனார். “நான் தின்ன காய்லதான் கண்ணு விதை எடுத்தேன். கசப்பு இன்னான்னே தெரியாத காய் அது. எங்கம்மா காலத்துலர்ந்து இதே வெதைதான்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்பதுதான் இந்த நிகழ்வின் மையம்.

முதலில் எங்களுக்கு வேறொரு சந்தேகம் இருந்தது. கடும் வெயிலும் தண்ணீர்ப் பற்றாக்குறையும் வெள்ளரி இனச் செடிகளில் கசப்பைக் கூட்டும் என்பது உண்மை. அந்த ஆண்டு ஆவணியிலும் வேலூரின் வெயில் தணியவில்லை. மாடித் தொட்டி மண் நண்பகலுக்குள் காய்ந்துவிடும். ஆனால் காட்பாடி வீட்டில் அதே பந்தலில், அதே தண்ணீரில், கடையில் வாங்கிய விதையிலிருந்து முளைத்த இன்னொரு சுரைக்கொடியும் இருந்தது. அதன் காயில் சிறிதும் கசப்பில்லை. வெயில் காரணமாக இருந்தால் இரண்டையும் அல்லவா தொட்டிருக்கும்? கசப்பு விதையோடு வந்தது என்று அப்போது உறுதியாயிற்று.

அந்த அம்மாவின் மகன் வீட்டு மாடிக்கு நான் நேரில் சென்று பார்த்தபோதுதான் விடை கிடைத்தது. மாடியின் கிழக்குச் சுவரை ஒட்டி அடுத்த வீட்டு மாடி. அதன் கைப்பிடிக் கம்பியில் காய்ந்த கொடி ஒன்று இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அதில் இடை சிறுத்து, தலை பருத்து, ஓடு கெட்டியாகிப் பழுப்பேறிய மூன்று குடுக்கைகள் தொங்கின. தட்டினால் உள்ளே விதைகள் கலகலவென்று ஒலித்தன. அந்தக் காலத்தில் விதை சேமிக்கவும், கிணற்றில் நீச்சல் பழகும் பிள்ளைகளின் முதுகில் கட்டவும் பயன்பட்ட குடுக்கைச் சுரை அது. அவ்வகை பெரும்பாலும் கசப்பானது. சமையலுக்கு யாரும் வளர்ப்பதில்லை. அடுத்த வீட்டுக்காரரும் எங்கள் உறுப்பினர்தான். அந்த விதையும் எங்கள் அலமாரியிலிருந்து சென்றதுதான். பழைய முறையில் விதை சேமித்துக் காட்டலாம் என்ற ஆர்வத்தில் முந்தைய ஆண்டு நாங்களே அதை ஆறு வீடுகளுக்குக் கொடுத்திருந்தோம்.

இனி நடந்ததை விளக்குவது எளிது. காயின் தோலும் சதையும் தாய்க்கொடியின் உடம்பு. வெளியிலிருந்து எந்த மகரந்தம் வந்து சேர்ந்தாலும் அந்தப் பருவத்தில் காயின் சுவை மாறாது. ஆகவே அந்த அம்மா உண்ட காய் இனிப்பாகவே இருந்தது. விதைக்குள் உறங்கும் முளையோ தாய், தந்தை இரண்டின் குணத்தையும் கொண்டது. சுரையில் கசப்பு ஓங்கு பண்பு; கசப்பில்லாத தாய்க்கும் கசந்த தந்தைக்கும் பிறந்த கொடி கசந்த காயையே தரும். மேலும் ஒரு சுரைக்காய்க்குள் நூற்றுக்கணக்கான விதைகள் உண்டு. அத்தனைக்கும் ஒரே பூவின் மகரந்தம் தந்தையாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. இதனால்தான் அதே காயின் விதையைப் பெற்ற ஏழு வீடுகளில், விதைத்திருந்த நான்கு வீட்டிலும் விளைவு வேறுபட்டது. இரண்டு வீட்டில் ஒரு கொடி கூடக் கசக்கவில்லை. பாகாயத்தில் ஒரே பந்தலில் ஒரு கொடி கசந்தது, மற்றொன்று கசக்கவில்லை. நான்காவது வீடு காட்பாடி வீடு.

கசந்த சுரை அற்பமான தொல்லையன்று என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அதிலுள்ள குக்குர்பிட்டசின் என்ற வேதிப்பொருள் வாந்தி, வயிற்றுப்போக்கு, வயிற்றில் இரத்தக்கசிவு, இரத்த அழுத்தச் சரிவு வரை கொண்டுபோகும். வேகவைத்தாலும் அது அழியாது. மாற்று மருந்து கிடையாது. அறிகுறிகளுக்குத்தான் சிகிச்சை அளிப்பார்கள். கசந்த சுரைச்சாற்றைப் பருகி இந்தியாவில் உயிரிழப்புகளே நேர்ந்திருக்கின்றன. கசந்தால் கைவிட வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் எச்சரித்துள்ளது. பாகற்காயைக் கசக்கக் கசக்க உண்டு பழகிய நமக்குக் கசப்பென்றால் உடம்புக்கு நல்லது என்ற எண்ணம் ஊறியிருக்கிறது. பாகலின் கசப்பு வேறு பொருளால் வருவது. அதை வைத்துச் சுரை, பீர்க்கு, வெள்ளரி ஆகியவற்றின் கசப்பை எடைபோடக் கூடாது. இப்போது எங்கள் வட்டத்தில் சுரைக்காயை அரிந்ததும் காம்புப் பக்கத்தில் நகக்கண் அளவு ஒரு துண்டைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட்டு, அதன்பிறகே அடுப்பில் ஏற்றுகிறார்கள். எங்கள் பாட்டிமார் வெள்ளரிக்குச் செய்துவந்த பழக்கம்தான் இது. இடையில் எப்படியோ விட்டுப்போயிருந்தது.

எந்த விதையை யார் தரலாம்

அரசின் விதைச் சான்று விதிகளில் ஒவ்வொரு பயிருக்கும் குறிப்பிட்ட விலகு தூரம் உண்டு. சான்று விதை எடுக்கும் வயலுக்கும் அதே பயிரின் வேறு ரகம் வளரும் வயலுக்கும் இடையே தக்காளிக்கு 25 மீட்டர், கத்திரிக்கு 100 மீட்டர், வெண்டைக்கும் மிளகாய்க்கும் 200 மீட்டர், சுரை, பீர்க்கு, புடலை போன்ற கொடிக்காய்களுக்கு 500 மீட்டர் இடைவெளி வேண்டும். இந்த எண்களை நான் கூட்டத்தில் படித்தபோது சிறிது நேரம் யாரும் பேசவில்லை. சத்துவாச்சாரியில் ஒரு வீட்டு மாடியிலிருந்து 500 மீட்டர் எட்டினால் எத்தனை தெரு, எத்தனை மாடி, எத்தனை பந்தல்! ஒரு வீட்டில் நல்ல விதை எடுப்பது அந்த வீட்டின் கையில் மட்டும் இல்லை என்பது அன்று எல்லோருக்கும் புரிந்தது.

ஆகவே பயிர்களைப் பூக்கும் இயல்பை வைத்துப் பிரித்தோம். தக்காளி, அவரை, காராமணி, கொத்தவரை ஆகியவை பெரும்பாலும் தம் மகரந்தத்தாலேயே காய்ப்பவை. இவற்றின் விதையை யார் வேண்டுமானாலும் திருப்பித் தரலாம். நோயற்ற செடியிலிருந்து எடுத்திருந்தால் போதும். கத்திரி, மிளகாய், வெண்டை ஆகியவற்றில் தேனீயால் கணிசமான கலப்பு நேரும் என்பதால், விதைக்கு விடும் பூவைத் திறப்பதற்கு முந்தைய மாலையே மெல்லிய துணிப்பையால் மூடி, காய் பிடித்தபின் பையைக் கழற்றிக் காம்பில் நூல் கட்ட வேண்டும் என்று முடிவு செய்தோம். வேட்டித் துணியில் தைத்த சிறு பைகளை ஓர் உறுப்பினர் எல்லோருக்கும் கொடுத்தார். முளைக்கீரை வகைகளில் மகரந்தம் காற்றிலும் பரவும். அருகருகே விதைத்தால் சிவப்பும் பச்சையும் கலந்துவிடும். கலந்தாலும் உண்பதற்குக் கேடில்லை என்பதால் அதை வாங்குவோரிடம் சொல்லிவிட்டுக் கொடுக்கிறோம்.

கொடிக்காய்களுக்கு மட்டும் விதி கடுமையானது. தன் கையால் மகரந்தம் சேர்த்த காயின் விதையைத் தவிர வேறெதையும் அலமாரி ஏற்காது. இந்த வேலை கடினமானது என்று பலர் பின்வாங்கினார்கள். உண்மையில் அதற்கு வேண்டியது பொறுமை மட்டுமே. சுரைப்பூ மாலையில் மலரும். ஐந்து மணிக்குப் பந்தலடியில் நின்று பார்த்தால், அன்று மலரப்போகும் மொட்டின் நுனி வெளுத்து, இதழ்கள் முறுக்கிய துணிபோல் சற்றே தளர்ந்திருக்கும். காம்புக்கு மேல் சுண்டுவிரல் அளவு பிஞ்சு இருந்தால் பெண் பூ. வெறும் நீண்ட காம்பு மட்டும் இருந்தால் ஆண் பூ. இரண்டு வகையிலும் மலரப்போகும் மொட்டுகளின் நுனியை நூலால் கட்டிவிட வேண்டும். இருட்டத் தொடங்கும் நேரத்தில் ஆண் பூவைப் பறித்து, இதழ்களை உரித்து, மஞ்சள் தூள் படிந்த நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவிலுள்ள பிளவுபட்ட மேட்டில் மெதுவாகத் தடவ வேண்டும். பிறகு பெண் பூவின் இதழ்களை மீண்டும் கூப்பி நூலால் கட்டிவிட்டால் இரவில் எந்தப் பூச்சியும் நுழையாது. காம்பில் ஒரு சிவப்பு நூல் கட்டிவிட்டால் வேலை முடிந்தது. நான்கைந்து நாளில் பிஞ்சு பருத்தால் பலித்தது என்று பொருள். மஞ்சளாகி உதிர்ந்தால் மறுபடி முயல வேண்டும். பீர்க்குக்கும் புடலைக்கும் மாலை நேரமே. பரங்கியும் பாகலும் விடியற்காலையில் மலர்வதால், மொட்டை முந்தைய நாள் மாலையே கட்டி வைக்க வேண்டும்.

குடுக்கைச் சுரையை என்ன செய்வது என்பதில் கருத்து வேறுபட்டது. ஒழித்துவிடலாம் என்றார் ஒருவர். அதுவும் நம் முன்னோர் காத்த விதை, அதன்மேல் குற்றமில்லை என்றார் மற்றொருவர். நகரத்து மாடிகளில் அதை வளர்ப்பதில்லை என்றும், ஒடுகத்தூர்ப் பக்கம் தனிக் கொல்லை உள்ள ஓர் உறவினர் வீட்டில் மட்டும் வளர்த்து விதை காப்பது என்றும் முடிவாயிற்று. எனக்கு இதுவே சரியாகத் தோன்றியது.

முள் இழந்த முள் கத்திரி

சுரையைத் தேடப்போய் இன்னொரு குறை கண்ணில் பட்டது. இது யாருடைய உடம்பையும் கெடுக்கவில்லை. ஆனாலும் எனக்கு இதன் வருத்தம் பெரிது.

அணைக்கட்டு தாலுகாவிலுள்ள இலவம்பாடியின் முள் கத்திரி இப்பகுதியின் பெருமை. தண்டிலும் இலையிலும் காயின் தலைக் குல்லாயிலும் முள் உடையது, சதை மென்மையானது, எண்ணெயில் வதங்கும்போது அதன் வாசனை தனி. 2023 பிப்ரவரியில் வேலூர் முள் கத்திரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபின் எங்கள் வட்டத்தில் எல்லோரும் அந்த விதையைத்தான் கேட்டார்கள். திரும்பி வந்த விதைகளும் அதிகம். அவற்றை ஒரே பாத்தியில் நட்டுப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்குச் செடிகளில் முள் அருகியிருந்தது. சிலவற்றில் அறவே இல்லை.

காரணம் இரண்டு. பக்கத்துத் தொட்டியிலிருந்த வேறு கத்திரிகளோடு தேனீ செய்த கலப்பு ஒன்று. மற்றொன்று நம் கை. முள் குத்தாத செடியில் காய் பறிப்பது எளிது. பறிக்க எளிதான செடியின் காயையே விதைக்கு விடுவதும் இயல்பு. மூன்று பருவம் இப்படித் தேர்ந்தெடுத்தால் முள் தானாகக் குறையும். ஒரு வீட்டுக்கு அது வசதியாக இருக்கலாம். அதைத் தவறென்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்த விதையை முள் கத்திரி என்ற பெயரில் அடுத்தவருக்குக் கொடுப்பது கூடாது. அப்படிக் கொடுத்தால், பெயர் மட்டும் கைமாறிக்கொண்டே இருக்க, அந்தப் பெயருக்கு உரிய செடி நம்மிடமிருந்து போய்விடும். அந்த விதைகளை ‘வீட்டுக் கத்திரி, முள் குறைந்தது’ என்று வேறு உறையில் மாற்றினோம். முள் கத்திரி விதையை இலவம்பாடிப் பக்கத்திலிருந்து மீண்டும் பெற்று, முள் நிறைந்த செடிகளில் மட்டும், குறைந்தது ஆறு செடிகளிலிருந்து, பூவை மூடி எடுத்த விதையாகச் சேர்த்து வருகிறோம்.

புவிசார் குறியீடு கிடைத்த பயிரை வீட்டில் வளர்க்கலாமா என்ற தயக்கமும் சிலருக்கு இருந்தது. வீட்டில் வளர்த்து உண்ண எந்தத் தடையும் இல்லை. பதிவு செய்யப்பட்ட பகுதிக்கு வெளியே விளைந்ததை அந்தப் பெயரில் விற்பதைத்தான் குறியீடு தடுக்கிறது. பொதுவான விதைப் பரிமாற்றத்துக்கு 2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவு துணை நிற்கிறது. உழவர் தன் விளைச்சலை, விதை உட்பட, சேமிக்கவும் மறுபடி விதைக்கவும் பரிமாறவும் பகிரவும் விற்கவும் அது உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையை வணிக முத்திரையிட்டு விற்பது மட்டும் விலக்கு. நாங்கள் எதையும் விலைக்குத் தருவதில்லை.

கடைப் பொட்டலத்து வீரிய ஒட்டு ரகங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவற்றிலிருந்து எடுத்த விதை முளைக்கும். ஆனால் செடிக்குச் செடி குணம் சிதறும். அவை எங்கள் அலமாரிக்கு வருவதில்லை.

உறையின்மேல் எழுதுவது

இரண்டு மடங்கு திருப்பித் தர வேண்டும் என்ற விதியை நீக்கினோம். யோசித்துப் பார்த்தால், அந்த விதிதான் உறுப்பினர்களை எண்ணிக்கையின் பின்னால் ஓட வைத்தது. கடன் தீர வேண்டுமே என்று நோய் கண்ட செடியின் விதையும், முற்றாத காயின் விதையும் வந்து சேர்ந்தன. மொசைக் நோய் பீடித்த காராமணியின் விதையில் அந்த நச்சுயிரியும் சேர்ந்தே பயணம் செய்யக்கூடும் என்பதை அறியாமல், ஒருமுறை அதையும் வாங்கிப் பகிர்ந்திருக்கிறோம். இப்போது ஒருவர் ஐந்து விதை தந்தாலும் போதும். எதுவும் தராவிட்டாலும் குற்றமில்லை. உறையின்மேல் எழுத வேண்டியதை எழுதாமல் தருவதை மட்டும் ஏற்பதில்லை. அந்த ரகத்துக்கு வீட்டில் வழங்கும் பெயர், விதை எடுத்தவர், எந்தத் தெரு மாடி, அவருக்கு யார் கொடுத்தது, காய் பறித்த மாதம், எத்தனை செடியிலிருந்து, அருகில் அதே பயிரில் வேறென்ன இருந்தது, பூவை மூடினார்களா இல்லையா என்பவை அதில் இருக்க வேண்டும். எழுதத் தெரியாத மூத்தவர்கள் சொல்லச் சொல்ல, பேரப்பிள்ளைகள் எழுதுகிறார்கள். ‘பக்கத்து மாடியில் குடுக்கைச் சுரை உள்ளது’ என்ற ஒரு வரி அன்று அந்த உறையில் இருந்திருந்தால், அந்த விதை காட்பாடிக்குச் சென்றிருக்காது.

சேமிப்பிலும் ஒரு திருத்தம் தேவைப்பட்டது. எங்கள் அலமாரி முதலில் தகரக் கூரையின்கீழ் இருந்தது. வேலூரின் கத்திரி வெயிலில் அந்த அறை அடுப்பாகிவிடும். விதையின் ஈரம் ஒரு விழுக்காடு குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும், சேமிக்கும் இடத்தின் வெப்பம் 5 பாகை செல்சியஸ் குறைந்தாலும் அப்படியே என்பது விதை அறிவியலில் நெடுநாளாக வழங்கும் கணக்கு. வெயிலில் வறுபட்டு, அடுத்து வரும் மழைக்காலத்தின் ஈரத்தையும் குடிக்கும் விதை எத்தனை நாள் தாங்கும்? கீழ்த்தளத்து உள்ளறைக்கு அலமாரியை மாற்றினோம். கண்ணாடிப் புட்டியின் அடியில் வறுத்து ஆறிய அரிசியைத் துணியில் முடிந்து போட்டு, அதன்மேல் விதை உறைகளை வைக்கிறோம். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆனி மாதக் கடைசியில், ஆடிப்பட்டத்துக்கு முன்பாக, ஒவ்வொரு ரகத்திலும் இருபது விதைகளை ஈரத்துணியில் சுருட்டி முளைக்க வைத்துப் பார்க்கிறோம். சான்று விதைக்கு அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவான தக்காளி, கத்திரி 70 விழுக்காடு, வெண்டை 65, மிளகாய், கொடிக்காய்கள் 60 என்பதே எங்களுக்கும் கீழ்வரம்பு. அதற்குக் கீழே போனவற்றை அந்தப் பருவத்திலேயே விதைத்துப் புதுப்பிக்கும் பொறுப்பை ஒருவர் ஏற்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு வட்டத்தின் வேகம் குறைந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நாற்பது வீடுகளில் கொடிக்காய் விதை தரக்கூடியவை இப்போது ஐந்துதான். ஞாயிற்றுக்கிழமை வந்து கை நிறைய உறைகளை வாங்கிச் சென்றவர்களில் சிலர் வருவதை நிறுத்திவிட்டார்கள். வேலை ஒரு சிலர் தோளில் ஏறியிருக்கிறது. அவர்களில் மூவர் அறுபதைக் கடந்தவர்கள். இதற்கு எங்களிடம் இன்னும் நல்ல தீர்வு இல்லை. காட்பாடித் தம்பதியர் வட்டத்தை விட்டுப் போவார்கள் என்றே நினைத்தேன். அந்த மருமகள் அடுத்த கூட்டத்துக்கு வந்து, “அத்தை நல்லா இருக்காங்க. அந்த அம்மாவ யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு, கைமகரந்தம் சேர்க்கக் கற்றுக்கொள்பவர்களின் வரிசையில் உட்கார்ந்துகொண்டார்.

அந்த அம்மாவோ சில மாதங்கள் எங்களோடு பேசாமலே இருந்தார். தை மாதத்தில் ஒருநாள் தானாக அழைத்தார். அணைக்கட்டுப் பக்கத்திலுள்ள தன் பழைய வீட்டின் அடுப்படி உத்தரத்தில், மூன்று ஆண்டுகளுக்கு முன் விதைக்கு விட்டுக் கட்டித் தொங்கவிட்ட சுரைக்காய் ஒன்று இன்னும் கிடப்பதாகச் சொன்னார். அந்த ஊர்க் கொல்லையில் ஒரே சுரை இனம்தான், சுற்றிலும் வேறு சுரை இல்லை என்றும் சொன்னார். போய் எடுத்துவந்தோம். புகை படிந்து கறுத்த ஓட்டை உடைத்தபோது உள்ளே இருந்த பஞ்சு போன்ற சதை காய்ந்து சுருங்கியிருந்தது. விதைகள் வெளுப்பாக, கெட்டியாக, ஒரு பூச்சித் துளையும் இல்லாமல் இருந்தன. இருபதை ஈரத்துணியில் சுற்றி வைத்ததில் பதினான்கு முளைத்தன.

அந்த ஆடியில் அவற்றை மூன்று வீடுகளில் விதைத்தோம்: அவர் மகன் வீடு, பாகாயத்தில் ஒரு வீடு, காட்பாடித் தம்பதியர் வீடு. மூன்றிலும் கொடிக்குக் கொடி முதல் பிஞ்சைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தோம், எதுவும் கசக்கவில்லை. சிவப்பு நூல் கட்டிய காய்கள் கார்த்திகையில் முற்றி, இப்போது ஒவ்வொரு வீட்டிலும் நிழலில் காய்ந்துகொண்டிருக்கின்றன. உறைகளை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறோம். ‘யார் கொடுத்தது’ என்ற இடத்தில் அந்த அம்மாவின் தாயார் பெயரை எழுதச் சொன்னார், அப்படியே எழுதியிருக்கிறோம்.